இரவில் ஆடும் பிள்ளை: ஏற்காட்டுத் தாய் ஒருவரின் கேள்விக்கு மறுமொழி

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். மகனுக்கு 13 மாதம் ஆகிறது. மூன்று மாதங்களாகத் தூங்கப் போகும் நேரத்தில் கையையும் முழங்காலையும் ஊன்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறான்; சில நாட்களில் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறான். அழுவதில்லை. நடு இரவில் அவன் கொலுசு ஒரே சீராகக் குலுங்குவதைக் கேட்டு விழித்துக்கொள்கிறேன். இது போதாதென்று, சென்ற மாதம் இரண்டு முறை, கையில் இருந்ததை வாங்கிவிட்டோம் என்று அழுதவன் அப்படியே மூச்சு நின்று, உதடு நீலமாகித் துவண்டுபோனான். அரை நிமிடத்தில் தெளிந்துவிட்டான். உரம் விழுந்திருக்கிறது, எடுக்க வேண்டும் என்கிறார் மாமியார். இரவில் கொலுசுச் சத்தம் ஆகாது, கழற்றிவிடு என்றும் சொல்கிறார். பக்கத்து வீட்டில் இது வலிப்பு, மூளையை ஸ்கேன் எடுங்கள் என்கிறார்கள். பெயர் சொன்னால் திரும்புகிறான், துண்டால் முகத்தை மூடித் திறந்தால் சிரிக்கிறான். பல்லையும் நறநறவென்று கடிக்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்கைகளும் இந்த வயதில் நாங்கள் அடிக்கடி காண்பவை. நீங்கள் விவரித்திருக்கும் முறையைப் பார்த்தால் இரண்டுமே தீங்கற்றவை என்றே நினைக்கிறேன். ஸ்கேன் வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை வேண்டும். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், எதைக் கொண்டு நான் இப்படிச் சொல்கிறேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் அந்த ஆறுதல் ஓர் இரவுகூடத் தாங்காது. மீண்டும் கொலுசு குலுங்கும்போது பயமும் திரும்ப வந்துவிடும்.

முதலில் ஆடுவதையும் முட்டுவதையும் எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் ஏறக்குறைய ஆறு மாதத்தில் உடலை ஆட்டத் தொடங்குகிறார்கள். தலையை முட்டுவது பெரும்பாலும் ஒன்பது மாதத்தை ஒட்டி வருகிறது. ஆடுவது, தலையைப் பக்கவாட்டில் உருட்டுவது, முட்டுவது ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை, ஒன்பது மாதக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் செய்கிறார்கள். முட்டிக்கொள்வதை மட்டும் எடுத்துக்கொண்டால் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காண்கிறோம். விழிப்பிலிருந்து தூக்கத்துக்குள் இறங்கும் அந்தச் சில நிமிடங்களிலும், நடு இரவில் தூக்கம் லேசாகி மீண்டும் ஆழமாகும் இடைவெளியிலும் இது வரும். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் பிள்ளை ஆடுவதும் தூங்கப் போகும்போதும் நடு இரவிலும்தான். அதனால்தான் உங்கள் கடிதத்தில் நேரத்தைப் படித்தவுடனேயே எனக்குப் பாதி கவலை நீங்கிற்று.

ஏன் ஆடுகிறான்? உட்காதில் உடலின் சமநிலையை உணரும் உறுப்பு ஒன்று இருக்கிறது. சீரான அசைவு அதைத் தொடும்போது குழந்தைக்கு அமைதி கிடைக்கிறது. சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோது நீங்கள் அவனுக்குக் கொடுத்ததும் இதே அமைதிதான். இப்போது கையும் காலும் வலுப்பெற்றுவிட்டதால், தன்னைத் தானே ஆட்டிக்கொள்ள அவனுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாப்பேட்டை நெசவாளர் குடும்பம் ஒன்றிலிருந்து இப்படி ஆடும் பிள்ளையை ஒரு முறை அழைத்து வந்தார்கள். தறி ஓடும் அறையிலேயே தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை. ‘தறி நின்னாத்தான் சார் இவன் ஆடவே ஆரம்பிக்கிறான்’ என்றார் அவன் பாட்டி. அந்தப் பாட்டியைப் போலக் கூர்ந்து பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று ஒன்று உண்டு என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, கைகளைத் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்திக் குழந்தை ஆடுவதைத்தான் அந்தப் பருவத்தில் பாடினார்கள். நம் புலவர்கள் அதை நோயாகப் பார்க்கவில்லை.

முட்டுவதால் மூளைக்கு அடிபடாதா என்ற கேள்வி உங்களுக்கு நிச்சயம் இருக்கும். வளர்ச்சி சரியாக உள்ள குழந்தை வலிக்கும் அளவுக்குத் தன்னை மோதிக்கொள்வதில்லை. நெற்றி சற்றுச் சிவக்கலாம், சிறு தடிப்பு வரலாம், அதற்கு மேல் ஆவது மிகவும் அரிது. பாயைச் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் போடுங்கள். மரக்கட்டிலாக இருந்தால் அதன் திருகாணிகளை வாரம் ஒரு முறை முடுக்கிப் பாருங்கள், ஏனெனில் ஆட ஆட அவை கழலும். தலையைச் சுற்றித் தலையணைகளை அடுக்காதீர்கள். மலைக் குளிருக்குப் போர்த்தும் கனமான கம்பளியும் முகத்தருகே வேண்டாம், அவை மூச்சை அடைக்கக்கூடும். அவன் ஆடும்போதெல்லாம் ஓடிப் போய்த் தூக்கவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். பகலில் முதுகில் ஏற்றி ஆட்டுங்கள், மடியில் வைத்துச் சாய்ந்தாடி விளையாடுங்கள். படுக்கப் போகும் முன் கால் மணி நேரம் விளக்கைத் தணித்து, கைப்பேசியை அணைத்துவிட்டுப் பாடித் தூங்க வையுங்கள். நாளடைவில் குறைந்துவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று அல்லது நான்கு வயதுக்குள் தானாகவே நின்றுவிடுகிறது.

பகலில் விளையாட்டை விட்டுவிட்டு மணிக்கணக்கில் ஆடுவது, அழைத்தால் திரும்பாமல் இருப்பது, முகம் பார்க்காமல் இருப்பது, பேசிய ஓரிரு சொற்களையும் இழந்துவிடுவது என்றிருந்தால் அது வேறு செய்தி. காய்ச்சலோடு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு முட்டினால் காதுக்குள் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளை பெயருக்குத் திரும்புகிறான், முகத்தை மூடித் திறந்தால் சிரிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் என்னால் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க முடியாது.

இனி மூச்சு நிற்பதற்கு வருவோம். உங்களை அதிகம் கலங்கச் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளை கையில் துவண்டு கிடக்கும் அரை நிமிடம் பெற்றவளுக்கு அரை நாளாகத்தான் தெரியும். நூற்றில் ஏறக்குறைய ஐந்து குழந்தைகளுக்கு, ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரையிலான காலத்தில், இப்படி நேர்கிறது. ‘பிடிவாதத்தில் மூச்சை அடக்குகிறான்’ என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மையன்று. வீம்புக்கு அடக்குபவர்கள் பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுத்துத்தான் அடக்குவார்கள். இந்தக் குழந்தைகளுக்கோ அழுது அழுது மூச்சு முழுவதும் வெளியே போன நிலையில் நின்றுவிடுகிறது. அது உடல் தன்னிச்சையாகச் செய்யும் வேலை, குழந்தையின் விருப்பத்தில் நடப்பதன்று. மயங்கியவுடன் உடல் தளர்ந்து, மூச்சு தானாகத் திரும்பிவிடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மூளைக்கு அதனால் பழுது ஏற்படுவதில்லை.

இதற்கும் வலிப்புக்கும் உள்ள வேறுபாடு நிகழ்ச்சிகளின் வரிசையில் இருக்கிறது. மூச்சடைப்பில் முதலில் ஒரு காரணம் இருக்கும்: பொருளைப் பிடுங்கியது, விழுந்தது, திடுக்கிட்டது. அடுத்து அழுகை, அதன்பின் மூச்சு நின்று உதடு நீலமாதல், கடைசியில் துவளுதல். சில குழந்தைகள் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஓரிரு முறை வெட்டி இழுப்பதும் உண்டு, அதைக் கண்டுதான் அக்கம்பக்கத்தார் வலிப்பு என்கிறார்கள். வலிப்பிலோ பெரும்பாலும் காரணம் எதுவும் இருக்காது, தூக்கத்திலும் வரும், வெட்டி இழுப்பது முதலில் வந்து நீலம் பிறகு வரும், முடிந்தபின் குழந்தை நெடுநேரம் சோர்ந்து தூங்கும். காய்ச்சலோடு வரும் வலிப்பு வேறொன்று, அதற்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் மகன் அழுது, நீலமாகி, துவண்டு, அரை நிமிடத்தில் தெளிந்திருக்கிறான். வரிசை சரியாகப் பொருந்துகிறது.

மறுபடி வந்தால் அவனைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலை எதிலும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாயில் உணவு இருந்தால் வெளியே எடுங்கள், காத்திருங்கள். குலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் நம் பக்கத்து வழக்கம். அதனால் பயன் எதுவும் இல்லை. தெளிந்தபின் அணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எதைப் பிடுங்கியதற்காக அழுதானோ அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அழுதுவிடுவானோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் இணங்கத் தொடங்கினால் மொத்த வீடும் அவன் அழுகையைச் சுற்றியே ஓட ஆரம்பித்துவிடும். நீலமாகாமல் சுண்ணாம்புபோல் வெளிறிப் போனாலும், அழுகையே இல்லாமல் மயங்கினாலும், உங்கள் குடும்பத்தில் இளவயதில் திடீர் இறப்பு ஏதேனும் நேர்ந்திருந்தாலும் ஈசிஜி ஒன்று எடுத்து இதயத் துடிப்பைப் பார்த்துவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சு திரும்பாவிட்டால் 108.

முதலில் குறிப்பிட்ட இரத்தப் பரிசோதனை இதற்காகத்தான். மூச்சடைப்பு வரும் குழந்தைகள் பலருக்கு உடலில் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது. அதைச் சரிசெய்தால் மூச்சடைப்பு வருவது நன்றாகக் குறைகிறது. நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியது. ஆகையால் உங்கள் மகனுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் வாழ்பவர்களின் ஹீமோகுளோபின், கீழே சேலத்தில் இருப்பவர்களுடையதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதுதான் இயல்பு. ஆகவே அறிக்கையில் எல்லையை ஒட்டி ஓர் எண் வந்தால் ‘பரவாயில்லை’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.

தோட்டக் குடியிருப்புகளில் காலைக் குளிருக்குப் பெரியவர்கள் குடிக்கும் வரக்காப்பியிலும் தேநீரிலும் ரொட்டியையோ வர்க்கியையோ நனைத்துக் குழந்தைக்கும் ஊட்டுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அன்பினால் செய்வதுதான். ஆனால் அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுத்துவிடுகின்றன. இதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பசும்பாலையும் நாளுக்கு அரை லிட்டருக்குள் வைத்துக்கொண்டு, வயிற்றில் சோற்றுக்கும் பருப்புக்கும் கீரைக்கும் இடம் விடுங்கள். முட்டை, ஈரல், மீன் ஆகியவற்றைக் குழைத்துக் கொடுக்கலாம். கேழ்வரகுக் களி நல்லது, அதோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்புச்சத்து இன்னும் நன்றாகச் சேரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரு முறை ஒரு மில்லி வீதம் கொடுக்க வேண்டிய இரும்புச்சத்து மருந்து அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். குறைபாடு உறுதியானால் அந்த அளவு போதாது, எடைக்கேற்ப மருத்துவர் எழுதிக் கொடுப்பார். மலம் கறுப்பாகப் போகும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் மருந்துக் குப்பியைக் கண்டிப்பாக எட்டாத உயரத்தில் வையுங்கள். இரும்புச்சத்து மருந்தை ஒரு குழந்தை மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

உரம் எடுப்பதைப் பற்றி. உங்கள் மாமியாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். பேரனுக்காக இரவில் அவரும்தான் விழித்திருக்கிறார். ஆயினும் இதை அவரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்: பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டுவதும், தலைகீழாகப் பிடிப்பதும், கழுத்தைச் சொடுக்குவதும் கூடாது. இந்த வயதுக் குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடுகையில் கனமானது, கழுத்துத் தசைகள் வலுவற்றவை. வேகமாகக் குலுக்கினால் மூளையைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் கிழியக்கூடும். தீங்கற்ற ஒன்றுக்குத் தீங்கான வைத்தியம் செய்துவிட்டு வரும் குழந்தைகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்று அவர் விரும்பினால் இடுப்பில் கட்டட்டும், அதில் தடையில்லை. கழுத்தில் மட்டும் வேண்டாம்.

பல்லை நறநறவென்று கடிப்பது, புதிதாக முளைத்த பற்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதுதான். பூச்சி மருந்து அதற்குத் தேவையில்லை.

இவ்வளவும் சொன்னபின், நான் ஏன் உங்களை ஒரு முறையாவது நேரில் பிள்ளையைக் காட்டச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஆறு மாதக் குழந்தையோடு வந்த ஒரு தாய், ‘தூங்கி எழுந்தா தூக்கித் தூக்கிப் போடுது சார்’ என்றார். பச்சைக் குழந்தைகள் சத்தம் கேட்டால் கைகளை விரித்துத் திடுக்கிடுவது இயல்பு. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, பயப்படாதீர்கள் என்று அனுப்பிவிட்டேன். அந்தத் திடுக்கிடல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிட வேண்டும் என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை; எத்தனை முறை, எப்படி என்று கேட்கவும் இல்லை. மூன்று வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். அன்று என் கண்ணெதிரிலேயே அந்தக் குழந்தை தலையைக் குனிந்து, கைகளை முன்னே வீசி, ஒரு கணம் இறுகித் தளர்ந்தது. சில விநாடிகளில் மறுபடியும், மறுபடியும். சலாம் போடுவது போல இருக்கும். குழந்தைப் பருவத்தின் கடுமையான வலிப்புகளுள் ஒன்று அது. சிகிச்சை தொடங்குவதில் ஒவ்வொரு வாரமும் முக்கியமானது, நான் அதில் மூன்றை வீணாக்கிவிட்டேன். அந்தத் தாயின் முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த நோயை உலகுக்கு முதலில் விவரித்தவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1841-ஆம் ஆண்டு ‘தி லான்செட்’ இதழுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் விவரித்த குழந்தை அவருடைய சொந்த மகன். தலை எப்படிக் குனிகிறது, எத்தனை முறை குனிகிறது, எந்த நேரத்தில் வருகிறது, இடையில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று தகப்பனாகப் பார்த்ததை மருத்துவராக எழுதி, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். இந்த வலிப்பு பெரும்பாலும் ஒரு வயதுக்குள்ளேயே தொடங்கும், கொத்துக் கொத்தாக வரும், தூங்கி எழும் நேரத்தில் அதிகம் வரும், அதோடு குழந்தையின் சிரிப்பும் பழக்கங்களும் மங்கத் தொடங்கும். உங்கள் மகன் ஆடுவது தூங்கப் போகும்போது, தாளம் தவறாமல். அவன் சிரிப்பும் மங்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கண்ணால் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்பதை அந்தத் தாயிடம் கற்றுக்கொண்டவன் நான்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். இன்றிரவு அவன் ஆடத் தொடங்கும்போது, விளக்கைப் போட்டு எழுப்பிவிடாமல், கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம் பிடியுங்கள்; முகமும் கைகால்களும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இடையில் அவன் தோளில் மெல்லக் கைவைத்துப் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். நின்றுவிட்டு உங்களைப் பார்க்கிறான் என்றால் அது அவன் வசத்தில் உள்ள அசைவு. வலிப்பு கை வைத்தால் நிற்பதில்லை. அந்தப் படத்தையும், மூச்சடைப்பு வந்த நாள், நேரம், அதற்கு முன் நடந்தது ஆகியவற்றைக் குறித்த தாளையும், தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின் பரிசோதனையை அங்கேயே கேளுங்கள். குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு வரலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுப்பான், புறப்படும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்.

கொலுசு காலிலேயே இருக்கட்டும். அது குலுங்கும் விதத்தை வைத்துத்தான் அவன் ஆட்டம் ஒரே சீரானது என்று உங்களால் எழுத முடிந்தது. திருகு தளர்ந்திருக்கிறதா, முத்துகளில் ஏதேனும் கழலும் நிலையில் இருக்கிறதா என்று மட்டும் குளிக்க வைக்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் வயது அவனுக்கு.